தாளில் 204 டிகிரி, கிடங்கில் 45 டிகிரி: பொடிகள் தானே தீப்பற்றும் வெப்பநிலையை எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஒரு ரசாயனப் பொடியின் பாதுகாப்புத் தாளில் "தானே தீப்பற்றும் வெப்பநிலை: 204 டிகிரி செல்சியஸ்" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொடியை வைத்திருக்கும் கிடங்கில் கடும் கோடையிலும் 45 டிகிரியைத் தாண்டாது. நடுவே 150 டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறதே, பிறகென்ன கவலை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 204 என்பது எட்டு மில்லிலிட்டர் பொடியை வைத்து எடுத்த எண்ணாக இருக்கலாம். கிடங்கில் கிடப்பதோ டன் கணக்கில். அதே பொடி மூன்று மீட்டர் உயரக் குவியலாகக் கிடந்தால் 50 டிகிரியிலேயே உள்ளுக்குள் கனலத் தொடங்கலாம். இது மிகைப்படுத்தல் இல்லை. மரக்கரித் தூளுக்கு ஏறத்தாழ இதுதான் கணக்கு, கீழே போட்டுப் பார்ப்போம்.

உருகுநிலை, கொதிநிலை போல இதையும் பொருளோடு ஒட்டிப் பிறந்த ஒரு குணமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். திரவங்களில் அந்தப் பழக்கம் ஓரளவு செல்லுபடியாகிறது. டைஎத்தில் ஈதருக்கு 160 டிகிரி என்றால், அது சூடான குடுவைக்குள் ஈதரின் ஆவி காற்றோடு கலந்து தானே பற்றும் வெப்பநிலை. குடுவையின் அளவை மாற்றினால் எண் கொஞ்சம் நகரும், தலைகீழாக மாறாது. பொடியில் அளவை மாற்றினால் எண்ணே வேறு. பொடிக்கு "தானே தீப்பற்றும் வெப்பநிலை" என்று தனியாக ஒன்று கிடையாது. இவ்வளவு பெரிய குவியலுக்கு, இந்த வடிவத்தில், இவ்வளவு நேரம் வைத்திருந்தால் இவ்வளவு என்றுதான் சொல்ல முடியும்.

காரணம் எளிது. பொடி என்றாலே ஏராளமான பரப்பு. காற்றிலுள்ள ஆக்சிஜன் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாக நுழைந்து அந்தப் பரப்பு முழுவதிலும் மெதுவாக வினைபுரிகிறது. ஒவ்வொரு துகளிலும் துளித்துளியாக வெப்பம் பிறக்கிறது. பிறந்த வெப்பம் வெளியேற வேண்டுமானால் குவியலைக் கடந்து, அதன் மேற்பரப்பு வழியாகத்தான் போக வேண்டும். பொடியோ வெப்பத்தை எளிதில் கடத்தாது, துகள்களுக்கு இடையே காற்று அடைந்திருப்பதால் அது கிட்டத்தட்டக் கம்பளி மாதிரி. இப்போது குவியலின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். வெப்பம் பிறக்கும் கன அளவு எட்டு மடங்காகிறது, வெளியேறும் பரப்பு நான்கு மடங்குதான் கூடுகிறது. வெப்பம் நடக்க வேண்டிய தூரமும் இரட்டிப்பு. வினையின் வேகமோ வெப்பநிலையோடு சீராக ஏறுவதில்லை, அடுக்கடுக்காகத் தாவி ஏறும். வெளியேற்றம் சீராகத்தான் ஏறும். ஏதோ ஒரு புள்ளியில் முன்னது பின்னதை முந்திவிடும், அப்புறம் திரும்பி வராது.

இந்த முந்துதலுக்கு முதலில் தெளிவான கணக்கு போட்டவர் சோவியத் வேதியியலர் நிக்கோலாய் செமியோனோவ், 1928ல். வேதிவினைகளின் இயக்கம் பற்றிய ஆய்வுக்காக 1956ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய கணக்கில் பாத்திரம் முழுவதும் ஒரே வெப்பநிலை. நன்றாகக் கலங்கும் வாயுவுக்கு அது சரிதான். குவியலில் நடுப்பகுதிதான் அதிகம் சூடு, ஓரம் ஏறக்குறையச் சுற்றுப்புறத்தின் சூட்டில் இருக்கும். இந்த வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டவர் அவரோடு பணியாற்றிய டேவிட் பிராங்க்-கமெனெட்ஸ்கி. குவியலின் அளவு, வெப்பக் கடத்தல், வினையின் வேகம் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குறியாகச் சுருக்கி, வடிவத்துக்கு ஒரு எல்லை வைத்தார். தட்டையான அடுக்குக்கு 0.88, நீண்ட உருளைக்கு 2, கோளத்துக்கு 3.32, கனசதுரத்துக்கு சுமார் 2.5. கணக்கு இந்த எல்லைக்குக் கீழே வந்தால் குவியல் சற்றே சூடேறி ஒரு நிலையில் நின்றுவிடும். மேலே போனால் நிற்க இடமே இல்லை. இன்றைய சோதனைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த எளிய எண்கள்தான்.

சரி, சோதனைக்கு வருவோம். அபாயகரச் சரக்குகளை ஏற்றிச் செல்வதற்கான ஐக்கிய நாடுகள் கையேட்டில் என்.4 என்ற சோதனை இருக்கிறது. கருவி என்று பார்த்தால் பிரமாதமாக ஒன்றுமில்லை: ஒரு ஓவன், கம்பிவலைக் கூடைகள், இரண்டு தெர்மோகப்பிள் (வெப்பநிலையை உணரும் கம்பி). கூடை துருப்பிடிக்காத எஃகில் செய்த கனசதுரம், மேற்புறம் திறந்தது. பெரியதன் பக்கம் 100 மி.மீ., அதாவது சரியாக ஒரு லிட்டர். சிறியதன் பக்கம் 25 மி.மீ., சுமார் 16 மில்லிலிட்டர். வலையின் கண் 0.05 மி.மீ.; காற்று போய்வரும், பொடி கொட்டாது. அதைச் சற்றே பெரிய இன்னொரு வலைக்கூடைக்குள் வைத்து, அதையும் ஒரு கூண்டுக்குள் வைக்கிறார்கள். ஓவனின் விசிறிக் காற்று நேராகப் பொடிமேல் படக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

பொடியைக் கூடையில் விளிம்புவரை நிரப்பி, பல தடவை தட்டுவார்கள். தட்டத் தட்ட அமுங்கும், மறுபடி நிரப்புவார்கள், குவிந்து நிற்பதை வழித்துச் சமமாக்குவார்கள். அற்பமான வேலை போலத் தெரிந்தாலும் முடிவு பாதி இங்கேதான் இருக்கிறது. தளர்வாக நிரப்பினால் காற்று நன்றாகப் புகும், ஆனால் வினைபுரியப் பொருள் குறைவு. அழுத்தி நிரப்பினால் பொருள் அதிகம், வெப்பம் கடக்கும் விதமும் மாறும். தெர்மோகப்பிள் ஒன்றின் முனை பொடியின் நட்ட நடுவில் இருக்க வேண்டும், இன்னொன்று கூடைக்கும் ஓவன் சுவருக்கும் இடையில் தொங்க வேண்டும். நடுவிலிருந்து ஒரு விரற்கடை விலகினாலும் உச்ச வெப்பத்தைத் தவறவிடுவோம்.

ஓவனை 140 டிகிரிக்குக் கொண்டுவந்து 24 மணி நேரம் அப்படியே வைத்திருக்கிறார்கள். பொடி தீப்பற்றினாலோ, அதன் நடுப்பகுதி ஓவனைவிட 60 டிகிரி கூடுதலாகி 200ஐத் தாண்டினாலோ "தன்வெப்பமேறும் பொருள்" என்று முடிவு. நடைமுறையில் 100 மி.மீ. கூடையில்தான் தொடங்குவார்கள். அதில் ஒன்றும் நடக்காவிட்டால் பொருள் இந்த வகுப்பிலேயே சேராது. நடந்தால் 25 மி.மீ. கூடையிலும் பார்ப்பார்கள். சின்னக் கூடையிலும் பற்றினால் கடுமையான இரண்டாம் பொதித் தொகுதி (எவ்வளவு பாதுகாப்பாகப் பொதிய வேண்டும் என்ற வகை). பற்றாவிட்டால், மூட்டையின் அளவைப் பொறுத்து 120 டிகிரியிலும் 100 டிகிரியிலும் பெரிய கூடையை மறுபடி சோதித்து, மூன்றாம் தொகுதியா அல்லது விலக்கா என்று தீர்மானிப்பார்கள்.

இந்தச் சோதனையில் என்னைக் கவர்வது பதிவாகும் வளைகோடு. முதலில் பொடியின் கோடு ஓவனின் கோட்டுக்குப் பின்னால் சோம்பலாக ஏறும். பொடியில் ஈரம் இருந்தால் 100 டிகிரியை ஒட்டிக் கொஞ்ச நேரம் தட்டையாக ஓடும், நீர் ஆவியாக வெப்பம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு மறுபடி ஏறி, ஒரு மணித்தியாலத்திலோ நாலைந்து மணித்தியாலத்திலோ ஓவனின் கோட்டைத் தொடும், தாண்டும். இங்கேதான் கவனிக்க வேண்டும். சில பொடிகள் 20 அல்லது 30 டிகிரி மேலே போய், கூன் விழுந்து, மெல்ல இறங்கிவிடும். வினை நடந்தது, வெளியேற்றம் ஈடுகொடுத்துவிட்டது. சில பொடிகள் அதே இடத்தில் சற்றுத் தயங்கி, பிறகு கோடு செங்குத்தாக நிமிர்ந்துவிடும். ஓவனின் வெப்பத்தை ஓரிரு டிகிரி மாற்றினாலே முதல் வகை இரண்டாவதாக மாறிவிடும். சோதனை முடிந்து கூடையை எடுத்துப் பார்த்தால் மேற்பரப்பில் பெரிதாக மாற்றம் இருக்காது, வெட்டினால் நடுவில் கருகியோ சாம்பலாகவோ இருக்கும். நடுவில் கனன்றுகொண்டிருக்கும்போது ஓவன் கதவைத் திறந்தால் புதுக்காற்று புகுந்து அது குப்பென்று எரிய வாய்ப்புண்டு. பொருளைப் பொறுத்து கார்பன் மோனாக்சைடோ சல்பர் டையாக்சைடோ வெளிவரும். அதனால்தான் ஓவனைப் புகைபோக்கிக்கு அடியில் வைக்கிறார்கள், மில்லிகிராம் அளவில், வெப்ப மாற்றத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியில் முன்சோதனை செய்யாமல் ஒரு லிட்டர் பொடியைச் சூடாக்க எந்தப் பொறுப்பான ஆய்வகமும் ஒத்துக்கொள்வதில்லை.

140 என்ற எண் எங்கிருந்து வந்தது? கரித்தூளிலிருந்து. பக்கத்துக்கு 3 மீட்டர், அதாவது 27 கன மீட்டர் கரித்தூள் குவியல் தானே பற்றும் வெப்பநிலை 50 டிகிரி என்பதை அடிப்படையாகக் கொண்டார்கள். 27 கன மீட்டருக்கு 50 டிகிரியில் பற்றுவது ஒரு லிட்டருக்கு 140 டிகிரியில் பற்றுவதற்குச் சமம் என்பது அளவுமாற்றக் கணக்கு. அதே போல 120 டிகிரி 3 கன மீட்டருக்கும், 100 டிகிரி 450 லிட்டருக்கும் பதிலாள். சரக்குப் போக்குவரத்தில் 50 டிகிரிச் சூட்டை எதிர்பார்க்கலாம் என்று வைத்து, பல மாதம் நடக்கக்கூடிய ஒன்றை ஒரே நாளில் ஓவனுக்குள் நடத்திப் பார்க்கிறார்கள்.

இந்த இரண்டு புள்ளிகளை வைத்து நாமே கணக்கு போடலாம். பிராங்க்-கமெனெட்ஸ்கி சமன்பாட்டில் ஒரு லிட்டர், 140 டிகிரி என்பதையும் 27 கன மீட்டர், 50 டிகிரி என்பதையும் போட்டால் வினையின் கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்குச் சுமார் 90 கிலோஜூல் என்று வருகிறது. அதை வைத்து மற்ற அளவுகளுக்குப் போனால், 25 மி.மீ. கனசதுரத்துக்கு 194 டிகிரி, 20 மி.மீ. என்றால் 204. ஒரு கன மீட்டர், அதாவது ஒரு பெரிய சாக்குப் பை அளவுக்கு 74 டிகிரிதான். ஒரே பொருள், ஒரே துகள், அளவு மட்டும் மாறியிருக்கிறது. முதல் பத்தியில் சொன்ன 204 இந்தக் கணக்கிலிருந்து எடுத்ததுதான்.

நேரமும் அளவோடு சேர்ந்தே நீளும். வெப்பம் உள்ளே ஊறும் நேரம் பக்க அளவின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், ஒரு லிட்டர் கூடையில் சில மணி நேரத்தில் தெரிவது 3 மீட்டர் குவியலில் தெரிய 900 மடங்கு நேரம் எடுக்கும். அதாவது மாதங்கள். ரெண்டு மாதமாக ஒன்றும் ஆகவில்லையே என்று கிடங்குப் பொறுப்பாளர் நிம்மதியாக இருப்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ஒரே வெப்பநிலையில் ஆம், இல்லை என்று கேட்பதோடு நிற்காமல் அளவுக்கும் வெப்பநிலைக்கும் உள்ள உறவையே அளப்பது ஐரோப்பியத் தர முறை ஈஎன் 15188. இதில் மூன்று நான்கு வெவ்வேறு அளவுக் கூடைகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த வெப்பநிலையில் பற்றுகிறது, எதில் பற்றவில்லை என்று இருபுறமும் நெருக்கிப் பிடிக்கிறார்கள். பிறகு கன அளவை மேற்பரப்பால் வகுத்த எண்ணின் மடக்கையை ஒரு அச்சிலும், கெல்வின் வெப்பநிலையின் தலைகீழியை இன்னொன்றிலும் வைத்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். கோட்டை நீட்டினால் சைலோவின் (பொடியைக் கொட்டி வைக்கும் உயரமான கொள்கலத்தின்) அளவுக்கு விடை. மெனக்கெட்ட வேலைதான், ஒரு பொருளுக்கு வாரக்கணக்கில் ஓவன் ஓட வேண்டியிருக்கும். ஆனாலும் கிடங்கு வடிவமைக்கிறவருக்கு உண்மையில் பயன்படுவது இந்தக் கோடு ஒன்றுதான் என்பேன்.

பாதுகாப்புத் தாள்களில் அதிகம் காணப்படுவது இன்னொன்று: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.16 முறை. 20 மி.மீ. கனசதுரக் கூடை, எட்டு மில்லிலிட்டர் பொடி. ஓவனை நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் 400 டிகிரி வரை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அறை வெப்பத்திலிருந்து அங்கே போய்ச் சேரப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். பொடி தன் சொந்த வெப்பத்தால் 400 டிகிரியைத் தொடும் தருணத்தில் ஓவன் என்ன காட்டுகிறதோ அதுவே விடை. முறையின் பெயரிலேயே "ஒப்பீட்டு" என்ற சொல் இருக்கிறது. இந்தப் பொடி அந்தப் பொடியைவிட எளிதில் பற்றுமா என்று வரிசைப்படுத்தத்தான் அது. தாளுக்கு வரும்போது "ஒப்பீட்டு" எங்கோ உதிர்ந்துபோய் எண் மட்டும் மிஞ்சுகிறது. "400 டிகிரி வரை தீப்பற்றவில்லை" என்ற வரியும் இப்படித்தான்; எட்டு மில்லிலிட்டருக்கு அது உண்மை. இடையில் உருகிவிடும் பொருளுக்கு இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை, வலை வழியாக ஒழுகிவிடும். ஐரோப்பிய ரசாயனப் பதிவு விதிகள் 160 டிகிரிக்குக் கீழே உருகும் திடப்பொருளுக்கு இந்தச் சோதனை தேவையில்லை என்று விட்டுவிடுகின்றன.

இவற்றோடு அடிக்கடி குழம்புவது தூசுக்கான இரண்டு எண்கள். ஹாட் பிளேட் மேல் 5 மி.மீ. படலமாகப் பரப்பிய தூசு எப்போது கனலும் என்பது ஒன்று, உலைக்குள் ஊதிய தூசுமேகம் எப்போது பற்றும் என்பது மற்றது. மோட்டார், விளக்கு போன்றவற்றின் வெளிப்பரப்பு எவ்வளவு சூடாகலாம் என்று தீர்மானிக்க இவை உதவும். மேகத்தின் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு, படலத்தின் எண்ணில் 75 டிகிரி கழித்தது, இந்த இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு. மேகத்துக்கு 450, படலத்துக்கு 300 என்றால் வரம்பு 225 டிகிரி. குவியல் பற்றி இந்த எண்களைக் கேட்டால் அவற்றிடம் பதில் கிடையாது.

இனி இந்தச் சோதனைகளின் கண்ணுக்குத் தப்புவது என்ன என்று பார்க்கலாம். முதலாவது, நீர். 140 டிகிரி ஓவனில் பொடி உலர்ந்துவிடுகிறது. 40 டிகிரிக் கிடங்கில் ஈரத்தால் நடக்கும் வினை அங்கே நடக்க வழியே இல்லை. 1995 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் லோடியில் சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் அலுமினியத் தூளும் கலந்துகொண்டிருந்த கலப்பானில் தண்ணீர் புகுந்து, கலவை தானே சூடாகி வெடித்ததில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். எந்த ஓவன் எண்ணும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. இரண்டாவது, கோடு நேராகவே போகும் என்ற நம்பிக்கை. வெளுப்புத் தூளாகப் பயன்படும் கால்சியம் ஹைப்போகுளோரைட் காற்றில்லாமலே சிதைந்து வெப்பம் விடும். நீரேற்றம் பெற்ற வகையைச் சோதித்தபோது, சின்னக் கொள்கலனில் உயர் வெப்பத்தில் ஒரு வினையும் பெரிய கொள்கலனில் தாழ்ந்த வெப்பத்தில் வேறொரு வினையும் முன்னிலை பெறுவது தெரிந்தது. கோடு நடுவில் வளைகிறது. சின்ன அளவுகளை மட்டும் பார்த்து நீட்டினால், இல்லாத பாதுகாப்பு இருப்பதாகக் காட்டும். இந்த வெளுப்புத் தூள் ஏற்றிய சிஎம்ஏ ஜகார்த்தா என்ற கப்பல் 1999ல் வெடித்துத் தீப்பிடித்தது. வழக்கு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது.

மூன்றாவது, சூடாகவே மூட்டை கட்டுவது. சோதனையில் பொடி குளிர்ந்த நிலையில் ஓவனுக்குள் போகிறது. ஆலையில் உலர்த்தியிலிருந்து 80 டிகிரியில் வந்து நேரே ஒரு கன மீட்டர் பைக்குள் விழுந்தால், அதன் நடுப்பகுதி அறை வெப்பத்துக்கு ஆற ஒரு வாரத்துக்கு மேலாகும். மேலே கண்ட கரித்தூளுக்கு அந்த அளவில் எல்லை 74 டிகிரி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தொட்டுப் பார்த்தால் பை குளுகுளுவென்று இருக்கும்.

கரி விஷயத்தில் இந்தப் பாடத்தைக் கடல்வழிப் போக்குவரத்து கசப்பாகக் கற்றது. என்.4 சோதனையில் தேறிய கரியைச் சாதாரணச் சரக்காக ஏற்றலாம் என்று நெடுங்காலம் ஒரு சிறப்பு விலக்கு இருந்தது. 2015க்கும் 2022க்கும் இடையில் கரிச் சரக்கோடு தொடர்புடைய 68 கப்பல் தீ நிகழ்வுகளைக் கப்பல் நிறுவனங்களின் அமைப்பு ஒன்று பதிவு செய்தது. சோதனை தவறில்லை. சோதித்த மாதிரி ஒன்று, கொள்கலனில் போனது வேறு. பழைய மாதிரி ஏற்கெனவே ஆக்சிஜனைக் குடித்து அடங்கியிருக்கும். நேற்று சூளையிலிருந்து எடுத்தது அப்படியில்லை. கடைசியில் பன்னாட்டுக் கடல்சார் விதிகள் திருத்தப்பட்டு, 2026 ஜனவரியிலிருந்து அந்த விலக்கு எடுக்கப்பட்டுவிட்டது. கரியை இனி அபாயகரச் சரக்காகவே ஏற்ற வேண்டும். 14 நாள் காற்றில் ஆறவிட வேண்டும், மூட்டை கட்டும் நாளில் அதன் வெப்பம் 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் சேர்ந்திருக்கின்றன.

ஆகவே ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புகிறவர்கள் அலமாரியில் ஆறு மாதம் கிடந்த புட்டியை எடுத்து அனுப்பக் கூடாது. உற்பத்தியிலிருந்து புதிதாக வந்ததை, காற்றுப் புகாமல் அடைத்து அனுப்ப வேண்டும். வடிகட்டியிலும் தூசு சேகரிப்பானிலும் படிவது பொதியில் இருப்பதைவிட நுண்ணியது, பரப்பு அதிகம். அங்கே அபாயம் என்றால் அந்தத் தூசைத் தனியாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும். கோரிக்கைப் படிவத்தில் மிகப்பெரிய பொதியின் அளவு, மூட்டை கட்டும்போது உள்ள சூடு, எத்தனை நாள் அடுக்கி வைப்பீர்கள் என்ற மூன்றையும் எழுதினால், எந்த முறை பொருந்தும் என்று ஆய்வகம் சொல்லும். அறிக்கை வந்ததும் வெப்பநிலைக்குப் பக்கத்தில் கூடையின் அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்பிக் கேட்டு வாங்கலாம், அது உங்கள் உரிமை.